போட்டிக்கா, திரையிடலுக்கா? ரசிகர் வீடியோ செய்யத் தொடங்குபவர்களுக்கு

சென்னையில் நவராத்திரி நாட்களில் வீடு வீடாகக் கொலு பார்க்கப் போனவர்களுக்கு ஒரு வேறுபாடு கண்ணில் பட்டிருக்கும். வருகிறவர்கள் பார்த்துவிட்டு, ஒரு பாட்டுப் பாடி, சுண்டலும் வெற்றிலைபாக்கும் வாங்கிக்கொண்டு போவதற்காக வைக்கப்பட்ட கொலு ஒன்று. குடியிருப்புச் சங்கம் நடத்தும் கொலுப் போட்டிக்காக வைக்கப்பட்டது இன்னொன்று. பொம்மைகள் ஏறத்தாழ அதே பொம்மைகள்தாம். ஆனால் போட்டிக் கொலுவில் ‘தீம்’ வாசலிலிருந்தே தெரிய வேண்டும். நடுவர்கள் நிற்கப்போகும் ஐந்து நிமிடங்களுக்குள் எல்லாம் புரிந்துவிட வேண்டும். மூக்குடைந்த பழைய செட்டியார் பொம்மைக்கு அங்கே இடம் கிடைப்பது அரிது.

ரசிகர்கள் செய்யும் வீடியோக்களுக்கும் இது பொருந்தும். காமிக் கான் போன்ற ரசிகர் விழாக்களில் அவற்றைத் திரையில் காட்ட இரண்டு வழிகள் உள்ளன. ஒன்றில் நடுவர்களோ பார்வையாளர்களோ மதிப்பெண் இட்டு, முதலிடம் இரண்டாமிடம் என்று அறிவிப்பார்கள். மற்றதில் தேர்ந்தெடுத்த வீடியோக்களை இருட்டு அரங்கில் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுவார்கள். கைதட்டல் உண்டு, பரிசு கிடையாது. அறிவிப்புகளில் இதை ‘ஷோகேஸ்’ என்று போடுவார்கள். இக்கட்டுரையில் ‘திரையிடல்’ என்கிறேன். புதியவர்கள் பெரும்பாலும் வீடியோவை முடித்துவிட்டு, எந்த அறிவிப்பு முதலில் கண்ணில் படுகிறதோ அதற்கு அனுப்பிவிடுகிறார்கள். தொகுப்பு மென்பொருளின் டைம்லைனில் முதல் காட்சித் துண்டை வைக்கும் முன்பே அந்த முடிவை எடுத்துவிட வேண்டும் என்பதே என் கருத்து. எந்தப் பாட்டு, எவ்வளவு நீளம், எந்த இடத்தில் வெட்டு என்பது வரை எல்லாமே எங்கே காட்டப்போகிறோம் என்பதைப் பொறுத்து மாறிவிடும்.

ரசிகர் வீடியோ என்பது, ஏற்கெனவே உள்ள படத்திலோ தொடரிலோ அனிமே எனப்படும் ஜப்பானிய அனிமேஷனிலோ இருந்து காட்சிகளை எடுத்து, ஒரு பாட்டுக்கோ வசனத்துக்கோ இசையத் தொகுத்து, நமக்குத் தோன்றிய ஒரு பொருளைச் சொல்வது. பிறந்தநாளுக்கு நடிகரின் ரசிகர்கள் போடும் முப்பது விநாடி ‘மாஸ் எடிட்’டும் இதில் சேரும், ஒரு துணைக் கதாபாத்திரத்தின் தனிமையை நான்கு நிமிடங்களில் காட்டும் வீடியோவும் சேரும். இரண்டாவது வகைக்கே ஓர் அரங்கு அதிகம் தேவைப்படுகிறது. முதல் வகைக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸே போதுமான அரங்கு.

போட்டி, திரையிடல் என்ற இந்த இரு வழிகளும் தனித்தனிக் குடும்பங்களில் வளர்ந்தவை. 1975-இல் அமெரிக்காவில் கேண்டி ஃபாங் என்ற ரசிகை, ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் காட்சித் துண்டுகளை ஸ்லைடுகளாக்கி, ஒரு பாட்டின் ஓட்டத்துக்கு ஏற்ப மாற்றி மாற்றிக் காட்டினார். அந்த வழியில் வந்தவர்கள், பெரும்பாலும் பெண்கள், தங்கள் வீடியோக்களை நண்பர்கள் கூடிய அறைகளில் காட்டிப் பேசிப் பழகியவர்கள். சிகாகோவில் 2002 முதல் 2018 வரை நடந்த ‘விவிட்கான்’ இதற்கென்றே இருந்த விழா. அங்கே பரிசு கிடையாது. முதன்முறை திரைக்கு வரும் வீடியோக்களுக்கென்று ஒரு காட்சி இருந்தது, பிறகு அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அலசும் அமர்வும் இருந்தது. அனிமே ரசிகர்களின் பாதை வேறு. 1982-இல் ஜிம் கபோஸ்டாஸ் என்பவர் இரண்டு விசிஆர்களை (வீடியோ கேசட் பதிவுக் கருவிகளை) இணைத்து, ஓர் அனிமேயின் சண்டைக் காட்சிகளை அன்பைப் பாடும் பாட்டுக்கு வெட்டி ஒட்டியதிலிருந்து அந்தக் கதை தொடங்குவதாகச் சொல்வார்கள். ‘ஏஎம்வி’ (அனிமே மியூசிக் வீடியோ) எனப்படும் அந்த வகை, அனிமே விழாக்களின் போட்டி மேடைகளில்தான் பெரிதாக வளர்ந்தது. பிரிவுகள், ஓட்டுச்சீட்டு, கோப்பை எல்லாம் அங்கே வழக்கமானவை. சென்னையில் முதல் காமிக் கான் 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்தது. நம்மிடம் இந்த இரண்டு மரபுகளுமே இன்னும் இளசு என்பதால், அறிவிப்பு எழுதுகிறவர்களுக்கே சில நேரம் தாங்கள் நடத்தப்போவது எது என்பதில் தெளிவு இருப்பதில்லை.

ஆகவே முதல் வேலை, அறிவிப்பை ஒரு முறைக்கு இரண்டு முறை படிப்பது. தலைப்பில் ‘ஷோகேஸ்’ என்று இருந்தாலும், கீழே ‘சிறந்த மூன்று வீடியோக்களுக்குச் சிறப்புப் பரிசு’ என்று ஒரு வரி இருந்தால் அது போட்டிதான். ‘போட்டி’ என்று தலைப்பு இருந்து, யார் மதிப்பிடுவார்கள், எதற்கு எத்தனை மதிப்பெண் என்பது எங்கும் இல்லையென்றால், அது நிகழ்ச்சி நிரலில் ஒரு மணி நேரத்தை நிரப்ப நடத்தப்படும் திரையிடல் என்று எடுத்துக்கொள்ளலாம். இவற்றைத் தேடுங்கள்: நீள வரம்பு, ஒருவர் எத்தனை வீடியோ அனுப்பலாம் என்பது, முன்பே இணையத்தில் வெளியிட்டிருக்கலாமா கூடாதா என்பது, தேர்வாகாவிட்டால் தெரிவிப்பார்களா என்பது. கடைசியாகச் சொன்னது முக்கியம். வந்ததை எல்லாம் திரையில் ஓட்டுகிற போட்டி அபூர்வம். முதற்சுற்றில் கழித்துவிட்டு இறுதிச்சுற்றுக்கு வந்தவற்றை மட்டுமே அரங்கில் காட்டுவார்கள். மூன்று மாதம் உழைத்த வீடியோவை ஒரே ஒரு தேர்வாளர் தன் மடிக்கணினியில் பார்த்துவிட்டு ஒதுக்கிவிடலாம், அரங்கில் ஒருவர்கூட அதைப் பார்க்காமலே போகலாம் என்பதைத் தெரிந்துகொண்டு அனுப்புவது நல்லது.

போட்டி ஒரு வீடியோவை என்ன செய்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நடுவர் ஒரே அமர்வில் முப்பது, நாற்பது வீடியோக்களைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாவது வீடியோவுக்கு வரும்போது அவருக்குத் தேநீர் தேவைப்படும். அந்த நிலையில் இருப்பவருக்கு முதல் இருபது விநாடிகளில் ஏதாவது பிடிபட வேண்டும். மெதுவாகத் தொடங்கி இரண்டாவது சரணத்தில் திறக்கும் வீடியோ அங்கே தண்டனை பெறும். அடுத்ததாக, மூலக் கதையை நடுவர் பார்த்திருப்பார் என்பதற்கு உறுதியில்லை. எனவே கதாபாத்திரம் யார், என்ன இழந்தார் என்பதை வீடியோவே சொல்லிவிட வேண்டும். மூன்றாவதாக, மதிப்பெண் தாளில் ‘தொழில்நுட்பம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். தாளத்துக்குச் சரியாக விழும் வெட்டு, படத்தின் ஒரு பகுதியை மட்டும் மறைத்துக் காட்டும் உத்தி, எழுத்து அசைவு போன்றவை கண்ணுக்குத் தெரிவதால் மதிப்பெண் வாங்கும். வெட்டே இல்லாமல் பதினோரு விநாடி ஒரு முகத்தின் மீது நிற்பதும் தொழில்நுட்பம்தான். ஆனால் அதற்கு மதிப்பெண் போடத் துணியும் நடுவர்கள் குறைவு. இறுதியாக, பிரிவுகள்: சண்டை, சோகம், நகைச்சுவை, காதல், போலி டிரெய்லர் என்று பிரித்திருப்பார்கள். சிரித்துக்கொண்டே வந்து கடைசியில் நெஞ்சை அடைக்கச் செய்யும் வீடியோ, எந்தப் பிரிவில் போட்டாலும் பாதி தப்பாகத்தான் இருக்கும்.

இவற்றைச் சொல்வது போட்டியைக் குறைத்துப் பேசுவதற்காக அல்ல. கடைசித் தேதி என்ற ஒன்று இல்லாவிட்டால் பாதி வீடியோக்கள் முடியவே முடியா. விதிமுறைகள் நல்ல பழக்கங்களையும் கற்றுத்தருகின்றன: வாட்டர்மார்க் இல்லாத மூலம், சப்டைட்டில் படியாத காட்சி, ஒலி பிசிறாத பாட்டு. சில போட்டிகளில் வீடியோவுக்குள் செய்தவரின் பெயர் வரக்கூடாது என்பார்கள். யாருடையது என்று தெரியாமல் மதிப்பிடுவதற்காக அந்த விதி. புதியவருக்கு அது பெரிய பாதுகாப்பு, ஏனென்றால் பின்தொடர்பவர்கள் எத்தனை பேர் என்பது அங்கே செல்லாது. பார்வையாளர் ஓட்டு மட்டுமே முடிவு செய்யும் போட்டியில் நிலைமை தலைகீழ். அங்கே வகுப்பு நண்பர்கள் நாற்பது பேரை முன்வரிசையில் உட்காரவைக்க முடிந்தவருக்கே வாய்ப்பு. அதற்கு மனதைத் தேற்றிக்கொண்டு போகலாம், அல்லது போகாமலே இருக்கலாம்.

திரையிடலில் கிடைப்பது வேறு. அங்கே ஒருவர் வந்த வீடியோக்களை வரிசைப்படுத்துகிறார். கச்சேரியில் வர்ணத்துக்குப் பிறகு எது, துக்கடா எப்போது என்று பாடகர் யோசிப்பதைப் போல, கனமான வீடியோவுக்குப் பிறகு லேசான ஒன்றை வைக்கிறார், வேகமான இரண்டுக்கு நடுவே மெதுவான ஒன்றுக்கு இடம் தருகிறார். உங்கள் வீடியோவை இன்னொன்றோடு மோதவிடாமல், அதற்குத் துணையாக இன்னொன்றை வைக்கும் அமைப்பு அது. மெதுவாகத் தொடங்கும் வீடியோவும், அந்தத் தொடரை மூன்று முறை பார்த்தவர்களுக்கு மட்டும் புரியும் உள்வேடிக்கையும் அங்கே செல்லுபடியாகும். குறைகளும் உண்டு. தேர்வு செய்பவரின் ரசனைதான் சட்டம். நண்பர்களின் வட்டமாகச் சுருங்கிவிடும் அபாயம் எப்போதும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு கைதட்டல் விழுவதால், உங்கள் வீடியோ எங்கே தொய்ந்தது என்பதைக் கைதட்டலிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. திரையைப் பார்க்காமல் பார்வையாளரைப் பார்த்தால் தெரியும்: எந்த விநாடியில் கைப்பேசி வெளிச்சங்கள் தலைகாட்டுகின்றனவோ அந்த இடத்தில் வீடியோ தொய்ந்திருக்கிறது.

எதைத் தேர்வது என்று தயங்குகிறவர்கள், வீடியோவைப் பற்றித் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டியவை சில. மூலக் கதையே தெரியாத என் சித்தி பையன் இதைப் பார்த்தால் அவனுக்கு ஏதாவது பிடிபடுமா? பிடிபடும் என்றால் போட்டிக்கு அனுப்பலாம். பாட்டின் எந்தப் பகுதியையும் வெட்டாமல் முழுதாக வைத்தே ஆக வேண்டுமா? அப்படியானால் நீள வரம்பு தளர்வாக உள்ள திரையிடலைத் தேடுங்கள். தோற்றால் அடுத்த வீடியோவைச் செய்வேனா? இந்தக் கேள்விக்கு உண்மையான விடை ‘தெரியவில்லை’ என்று வந்தால், முதல் வீடியோவைத் திரையிடலுக்கு அனுப்பும்படியே நான் சொல்வேன். முதல் வீடியோவோடு போட்டிக்குப் போய், முடிவு அறிவித்த மாலையே மென்பொருளை நீக்கிய இருவரை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவரின் கை மிக நல்ல கை.

முடிவு எடுத்தாகிவிட்டது என்றால், இனி கோப்பைத் தயாரிக்கும் வேலை. இது இரண்டு வழிகளுக்கும் பொது. புதியவர்கள் அதிகம் சறுக்குவதும் இங்கேதான்.

படுக்கைவாட்டுச் சட்டகத்தில் செய்யுங்கள். கைப்பேசிக்காகச் செங்குத்தாகச் செய்த ரீல்ஸ் வீடியோவை 1920-க்கு 1080 அளவுள்ள திரையில் போட்டால், அது சுமார் 607 பிக்சல் அகலத்தை மட்டுமே நிரப்பும். அதாவது திரையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, இரு பக்கமும் கறுப்பு. மூலத்தின் ஃப்ரேம் வேகத்தையே, அதாவது விநாடிக்கு எத்தனை படம் என்பதையே, டைம்லைனுக்கும் வையுங்கள். நம் திரைப்படங்கள் விநாடிக்கு 24 ஃப்ரேம், அனிமே பெரும்பாலும் 23.976, அதைக் கைப்பேசிச் செயலி தானாக 30-க்கு மாற்றிவிட்டால், கேமரா மெல்ல நகரும் காட்சிகளில் ஒரு தடுக்கல் தெரியும். ஆறு அங்குலத் திரையில் தெரியாத அந்தத் தடுக்கல் பன்னிரண்டு அடித் திரையில் பல்லில் சிக்கிய கல்லாக உறுத்தும். வாட்ஸ்அப்பில் வந்த துணுக்குகளை மூலமாகக் கொள்ளாதீர்கள். வழக்கமாக அனுப்பும்போதே அது சுருக்கப்பட்டுவிடுகிறது, இருட்டுக் காட்சிகளில் கட்டம் கட்டமாக உடைந்திருக்கும். மென்பொருளுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை: ‘டாவின்சி ரிசால்வ்’ இலவசப் பதிப்பும் ‘கேடென்லைவ்’வும் இந்த வேலைக்குத் தாராளம்.

வெளியீட்டுக் கோப்பு பெரும்பாலும் எம்பி4 வடிவில், எச்.264 குறியாக்கத்தில் கேட்கப்படும். விநாடிக்கு 20 மெகாபிட் என்று வைத்தால் மூன்று நிமிட வீடியோ ஏறத்தாழ 450 எம்பி வரும். அது நியாயமான அளவு. பென் டிரைவில் கொண்டுபோகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எஃப்ஏடி32 முறையில் வடிவமைத்த டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிக் கோப்பு ஏறாது. கோப்பின் பெயர் ‘ஃபைனல் ஃபைனல் 2’ என்று இருக்கக் கூடாது. வீடியோவின் தலைப்பும் நீளமும் இருக்கட்டும். கணினியை இயக்குகிறவர் தன்னார்வலர், அவர் முன்னால் ஐம்பது கோப்புகள் இருக்கும்.

ஒலியை ஒரே ஒரு முறையாவது மோனோவில், அதாவது இடது வலது இரண்டையும் ஒன்றாகக் கலந்து, கேட்டுப் பாருங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் நகரின் கல்லூரி ஒன்றில், செமினார் ஹாலில் ஒரு திரையிடல். என் வீடியோவில் பாட்டு ‘அகலமாக’ ஒலிக்க வேண்டும் என்று ஒரு எஃபெக்ட் போட்டிருந்தேன். ஹெட்ஃபோனில் தலையைச் சுற்றி வந்தது. அரங்கில் மடிக்கணினியிலிருந்து மிக்சருக்குப் போன கம்பியில் இடது வலது இரண்டும் ஒன்றாகக் கலந்தன. கலந்ததும் பாடகியின் குரல் கிட்டத்தட்ட மறைந்து, தபலாவும் பேஸும் மட்டும் கேட்டன. ஆடியோ பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் என் பக்கம் திரும்பி, “தம்பி, இது கரோக்கியா?” என்றார். எதிர்க் கட்டத்தில் உள்ள இரு ஒலி அலைகள் கூடினால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் என்பதைப் பிளஸ் டூவில் படித்திருந்தேன். பரீட்சைக்கு மட்டும் படித்திருந்தேன்.

அதே அரங்கில் இன்னொருவரின் வீடியோவுக்கு வேறு கதி. மாலை மூன்று மணி, மேற்கு பார்த்த சன்னல்கள், மெல்லிய நீலத் திரைச்சீலை. அவருடைய வீடியோ முழுக்க இரவுக் காட்சிகள். புரொஜெக்டரின் வெளிச்சத்தை விடச் சென்னை வெயிலின் கசிவு வலுவாக இருந்ததால், ஒன்றரை நிமிடம் நாங்கள் சாம்பல் நிறச் சுவரைப் பார்த்துக்கொண்டு நல்ல பாட்டு ஒன்றைக் கேட்டோம். அப்போதிருந்து, மிக இருட்டான காட்சிகளின் வெளிச்சத்தைச் சற்றே கூட்டி ஒரு தனிப் பிரதி எடுத்து வைக்கச் சொல்கிறேன். அறையில் விளக்கைப் போட்டு, மடிக்கணினித் திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தால், எந்தக் காட்சி அரங்கில் காணாமல் போகும் என்பது தெரிந்துவிடும்.

மின்னும் வெளிச்சத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ‘போக்கிமான்’ தொடரின் ஒரு பகுதி ஒளிபரப்பானபோது, சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னிய காட்சியால் 600-க்கு மேற்பட்டவர்கள், பெரும்பாலும் சிறுவர்கள், வலிப்பு, தலைச்சுற்றல் போன்ற பாதிப்புகளுடன் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். இருட்டு அரங்கும் பெரிய திரையும் அந்த ஆபத்தைக் கூட்டுபவை. விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னல் வேண்டாம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட எல்லை. ஆனால் நம்மூர் ‘மாஸ் எடிட்’களில் ஒவ்வொரு பறை அடிக்கும் ஒரு வெள்ளை மின்னல் போடும் பழக்கம் வேரோடியிருக்கிறது, குத்துப்பாட்டின் வேகத்துக்கு அது எல்லையை எளிதாகத் தாண்டிவிடும். எடுத்துவிடுங்கள் என்பதே என் பரிந்துரை. எடுக்க மனம் வராவிட்டால், விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். அதோடு ரத்தம், வன்முறை, தற்கொலைக் காட்சி இருந்தாலும் குறிப்பிடுங்கள். விழாக்களுக்குக் குழந்தைகளோடு வரும் குடும்பங்கள் உண்டு. தணிக்கைச் சான்றிதழின் யு, யுஏ, ஏ எழுத்துகள் எல்லோருக்கும் தெரியும் என்பதால், உங்கள் வீடியோ அவற்றில் எதற்குப் பக்கம் என்று ஒரு வரி எழுதினாலே அமைப்பாளர் புரிந்துகொள்வார்.

உரிமை விஷயத்தில் தெளிவாக இருப்போம். அமெரிக்காவில் ‘நியாயமான பயன்பாடு’ என்ற விரிந்த கோட்பாடு உண்டு. வணிக நோக்கமற்ற ரீமிக்ஸ் வீடியோக்களுக்காக டிவிடியின் நகல்தடுப்புப் பூட்டைத் திறக்க 2010-இல் அங்கே தனி விலக்கும் தரப்பட்டது. அங்குள்ள விழாக்களின் விதிமுறைகள் அந்தச் சூழலில் எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே இங்கே நகலெடுக்கக் கூடாது. நம்முடைய 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தனிப்பட்ட பயன்பாடு, விமர்சனம், நடப்புச் செய்தி போன்ற குறிப்பிட்ட நோக்கங்களுக்கான நியாயமான கையாளுதலை மட்டுமே விலக்காகப் பட்டியலிடுகிறது. ஒரு ரசிகர் வீடியோ அதில் விமர்சனமாகக் கொள்ளப்படுமா என்பது வாதத்துக்குரியது. நடைமுறையில் செய்யக்கூடியவை இவை: வீடியோவை விற்காதீர்கள், அதற்குத் தனி நுழைவுக் கட்டணம் வாங்கும் காட்சிக்குக் கொடுக்காதீர்கள், மூலத்தையும் பாட்டையும் யாருடையவை என்று விண்ணப்பத்தில் முழுமையாக எழுதுங்கள். அரங்கில் பாட்டு ஒலிக்க இசை உரிம அமைப்புகளிடம் அனுமதி பெறும் பொறுப்பு அமைப்பாளருடையது. பெற்றுவிட்டீர்களா என்று கேட்பதில் தவறில்லை. பரிசாக ரொக்கம் தரும் போட்டிகளில் நான் கலந்துகொள்வதில்லை. பிறர் எடுத்த காட்சி, பிறர் போட்ட பாட்டு, அதற்கு எனக்குப் பணம் என்பது சட்டத்துக்கு முன் எப்படியோ, எனக்கே நெருடுகிறது. கோப்பையோ ஒரு டி-ஷர்ட்டோ இருந்தால் போதும்.

விழா நாளன்று அரை மணி நேரம் முன்னதாகப் போய், முடிந்தால் உங்கள் வீடியோவின் பத்து விநாடியையாவது திரையில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மறுக்கமாட்டார்கள், கேட்கிறவர்கள்தான் குறைவு. திரையிடல் என்றால் முழு அமர்வும் இருந்து மற்றவர்களுடையதைப் பாருங்கள். தன் வீடியோ முடிந்ததும் எழுந்து போகிறவரை எல்லோரும் கவனிக்கிறார்கள்.

போட்டியில் முடிவு வந்த பிறகு, வென்றாலும் தோற்றாலும், நடுவரிடம் போய் “ஏன் எனக்கு இல்லை?” என்று கேட்காதீர்கள். “எந்த இடத்தில் சார் உங்களுக்கு ஆர்வம் குறைந்தது?” என்று கேட்டுப் பாருங்கள். முதல் கேள்விக்கு ஆறுதல் கிடைக்கும். இரண்டாவதுக்குப் பெரும்பாலும் ஒரு நிமிட எண் கிடைக்கும், வீட்டுக்குப் போய் அந்த நிமிடத்தைத் திறந்து பார்க்கலாம். திரையிடலில் இத்தகைய கேள்விக்கு இடம் தரும் கலந்துரையாடல் இருந்தால், அது எந்தக் கோப்பையையும் விட மதிப்புள்ளது. இல்லாவிட்டால், அரங்குக்கு வெளியே தேநீர்க் கடையில் நான்கு பேரைச் சேர்த்து நீங்களே நடத்திக்கொள்ளலாம். என் பல வீடியோக்கள் அப்படி நின்றுகொண்டே பழுது பார்க்கப்பட்டவை.

ஒரே வீடியோவை இரண்டுக்கும் அனுப்பலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அனுப்பலாம், வரிசை முக்கியம். முன்பே பொதுவில் காட்டிய வீடியோக்களை ஏற்காத போட்டிகள் இருப்பதால், முதலில் போட்டி, அதன் முடிவுக்குப் பின் திரையிடல். புதிய வீடியோக்களை மட்டுமே ஏற்கும் திரையிடல்களும் உண்டு. அங்கே இந்த வழி செல்லாது. ஒரே வெட்டை இரண்டுக்கும் அனுப்பாமல், போட்டிக்குச் சுருக்கிய பிரதியும் திரையிடலுக்கு முழுப் பாட்டோடு ஒரு பிரதியும் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நீளமானதில் எந்த அரை நிமிடம் உண்மையிலேயே தேவை, எது வெறும் பாசம் என்பது தெரிந்துவிடும்.

கல்லூரியிலோ சிறிய ரசிகர் கூட்டத்திலோ நீங்களே ஒன்றை நடத்தும் நிலை விரைவில் வரும். சென்னையில் இதற்கு ஆள் குறைவு. தொடக்கத்துக்குத் திரையிடலே எளிது. ஒரு மணி நேரம் கிடைத்தால், அறிமுகத்துக்கும் தாமதத்துக்கும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். மீதி ஐம்பது நிமிடங்களில், இடைவெளியோடு சேர்த்து ஒன்றுக்கு மூன்றேகால் நிமிடம் என்று கணக்கிட்டால் பதினைந்து வீடியோ அடங்கும். பதினெட்டைத் திணிக்காதீர்கள். போட்டியும் சேர்த்து நடத்தியே ஆக வேண்டுமென்றால், இரண்டையும் வேறு வேறு அமர்வுகளாக வையுங்கள். ஒரே அமர்வில் கலந்தால், மதிப்பெண் இல்லாத வீடியோவுக்கும் பார்வையாளர்கள் மனதுக்குள் மதிப்பெண் போட ஆரம்பித்துவிடுவார்கள். ஓட்டெடுப்பில் கையைத் தூக்கச் சொல்லாமல் சீட்டு கொடுங்கள். பிடித்தது ஒன்று என்று கேட்காமல் பிடித்த மூன்று என்று கேளுங்கள். நண்பனுக்கு ஓட்டுப் போட வந்தவர்களும் மீதி இரண்டு இடங்களை நேர்மையாக நிரப்ப வேண்டியிருக்கும்.

வீடியோக்களை ஒரே கோப்பாக ஒட்டித் தொடர்ந்து ஓட்டப்போகிறீர்கள் என்றால், ஒவ்வொன்றின் ஒலி அளவையும் சமப்படுத்துங்கள். ஒன்று கிசுகிசுத்து அடுத்தது அலறினால், ஆடியோ அண்ணன் கோபித்துக்கொண்டு எல்லாவற்றையும் தாழ்த்திவிடுவார். தலைப்பு அட்டையில் செய்தவர் பெயர், மூலம், பாட்டு மூன்றும் இருக்கட்டும். ஒவ்வொரு வீடியோவுக்குப் பிறகும் ஐந்து விநாடி வெறும் கறுப்பை விடுங்கள். நாங்கள் முதன்முதலில் நடத்தியபோது அதை விட மறந்தோம். முதல் வீடியோவுக்கு அரங்கம் எழுந்து கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்கு அடியில் இரண்டாவது வீடியோவின் முதல் வரி யாருக்கும் கேட்காமல் ஓடி முடிந்தது. அதைச் செய்த பெண் நான்காவது வரிசையிலிருந்து திரும்பி, கணினி மேசையில் இருந்த என்னைப் பார்த்தார்.